பருந்து ஊர்க்குருவியான கதை

"உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?" என்று கேட்கிறது நம் பழமொழி. ஆகாதுதான். ஆனால், "பருந்து ஊர்க்குருவி ஆகுமா?" என்று யாராவது திருப்பிக் கேட்டால், "ஆகிவிட்டதே!" என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நம்பாதவர்கள் டில்லிக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்க்கலாம். சாந்தினி சௌக் கடைவீதிக்கு மேலே பருந்து. ஜும்மா மசூதியின் கோபுரத்தைச் சுற்றிப் பருந்து. ஆபீசுக் கட்டிடங்களின் மொட்டை மாடியில் பருந்து. ஒன்றல்ல, இரண்டல்ல, கூட்டம் கூட்டமாக! மோட்டார்களின் இரைச்சலும் புகையும் அவற்றைத் துளியும் பாதிப்பதாகத் தெரியவில்லை. காக்கையும் புறாவும் போலப் பருந்தும் அந்த ஊர்ப் பிரஜையாகிவிட்டது.

இது ஒரு விசித்திரமான விஷயம். வேட்டையாடிப் பிழைக்கும் ஜீவராசிகள் பொதுவாக மனிதக் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ஊர் பெருகப் பெருக, அவை தேய்ந்துகொண்டே வரும். பருந்து மட்டும் ஊருக்குள்ளே வந்து குடியேறியது எப்படி? அது எதை நம்பி இங்கே குடும்பம் நடத்துகிறது? இந்த வாழ்வு எத்தனை காலத்துக்கு நிலைக்கும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக டில்லித் தெருக்களில் அலைந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டு சொல்லும் செய்திகள் பருந்தைப் பற்றியவை மட்டுமல்ல. மனிதர்களாகிய நம்மைப் பற்றியவையும்கூட!

ரஷ்யர் போட்ட கணக்கு

முதலில், எந்தப் பருந்து என்று தெரிந்துகொள்வோம். வெள்ளைக் கழுத்தும் செம்மேனியுமாக இருக்கும் கருடன் வேறு. நாம் சொல்லும் பறவை, உடல் முழுதும் பழுப்பு நிறமாக, வால் நுனியில் நடுவே பிளவுபட்டிருக்கும் சாதாரணப் பருந்து. கள்ளப் பருந்து என்றும் இதற்குப் பெயர் உண்டு. சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே வட்டமிடுவதும் இதுவேதான். இறக்கையை விரித்தால் சுமார் நாலரை அடி இருக்கும். ஆனால் எடை ஒரு கிலோவைத் தாண்டுவது அபூர்வம்.

கலூஷின் என்ற ஸோவியத் பறவை நிபுணர் டில்லிக்கு வந்து அங்குள்ள வேட்டைப் பறவைகளைக் கணக்கெடுத்தார். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை 1971-ம் ஆண்டு வெளிவந்தபோது பறவை நிபுணர்கள் அசந்து போனார்கள். டில்லியில் 150 சதுர கிலோ மீட்டர் பரப்பில் சுமார் 2,900 ஜோடி வேட்டைப் பறவைகள் வாழ்வதாக அவர் மதிப்பிட்டிருந்தார். இவற்றில் சுமார் 2,400 ஜோடி பருந்துகள்! அதாவது, சதுர கிலோ மீட்டருக்கு 16 ஜோடி.

மற்றொரு 400 ஜோடி, முதுகில் வெள்ளை நிறமுள்ள பிணந்தின்னிக் கழுகுகள். இந்தக் கழுகுகளின் கதைக்குப் பிறகு வருவோம்.

அந்தக் கணக்குக்குப் பிறகு டில்லி அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஜனத்தொகை பல மடங்கு பெருகிவிட்டது. வயல்கள் வீடுகளாயின, வீடுகள் மாடிகளாயின. ஆனால், இந்திய வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நிஷாந்த் குமாரும் அவரது சகாக்களும் 2014-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கிலும், சதுர கிலோ மீட்டருக்குச் சராசரியாகச் சுமார் 15 பருந்துக் கூடுகள் இருந்தன. ஊர் எவ்வளவோ மாறியும் பருந்தின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நிற்கிறது! வேட்டைப் பறவைகள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் நகரங்கள் உலகிலேயே மிகச் சில.

சோற்றுக்குப் பஞ்சமில்லை

இதன் ரகசியம் என்ன? ஒரே வார்த்தையில் சொன்னால், சோறு!

பருந்து பெரிய வேட்டைக்காரன் அல்ல. கழுகைப் போல ஆட்டுக்குட்டியைத் தூக்கும் வலிமை அதற்கு இல்லை. அதற்கு உள்ள பலம் வேறு. இரவல் காற்றில் மணிக்கணக்காக மிதக்கும் இறக்கை, படகுக்குச் சுக்கான் போல நினைத்த பக்கம் திரும்ப உதவும் வால், எட்டாத உயரத்திலிருந்து ஒரு துண்டு இறைச்சியைக் கண்டுகொள்ளும் கண் ஆகியவையே அதன் சொத்து. தார் ரோடுகளும் மொட்டை மாடிகளும் வெயிலில் காய்ந்து உஷ்ணக் காற்றை மேலே கிளப்புகின்றன. அந்தக் காற்றில் ஏறிக்கொண்டால் இறக்கையை அடிக்காமலே ஊர் முழுவதையும் நோட்டம் பார்க்கலாம்.

கண்ட இரையை நிற்காமல், தரையைத் தொடாமல், பறக்கிற போக்கிலேயே காலால் பற்றிக்கொண்டு போகும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு. ஜன நெருக்கடியான தெருவில் இது எவ்வளவு உபயோகமான வித்தை என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் இருந்த தின்பண்டத்தைப் பருந்துக்குப் பறிகொடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, அதற்கு நாக்கு நீளம்! இதுதான் வேண்டும் என்ற பிடிவாதம் கிடையாது. எலி கிடைத்தால் எலி, புறா கிடைத்தால் புறா, கோழிக்கடைக் குடல் கிடைத்தால் குடல், குப்பைமேட்டில் அழுகிய இறைச்சி கிடைத்தால் அதுவும் சரி. டில்லியின் கிழக்கே காஜிபூரில் ஒரு குப்பை மலை இருக்கிறது. 1984-ம் ஆண்டு குப்பை கொட்டத் தொடங்கிய அந்த இடம், 2019-ம் ஆண்டுக்குள் 65 மீட்டர் உயரம் எழுந்துவிட்டது! கசாப்புக் கூடமும் மீன், கோழி மார்க்கெட்டுகளும் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. பருந்துகளுக்கு அது ஒரு தர்மசத்திரம். ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகின்றன.

தர்மம் என்றதும் மற்றொரு விஷயம். பழைய டில்லி முஸ்லிம்களிடையே பருந்துக்கு இறைச்சித் துண்டுகளை வீசும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. தான தர்மம் செய்தால் துன்பம் விலகும் என்ற நம்பிக்கையில் செய்வது. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற நம் வீடுகளுக்கு இது புரியாத விஷயம் அல்ல. இறைச்சித் துண்டை மேலே எறிந்தால் அது தரையில் விழுவதற்குள் பருந்து அந்தரத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

பருந்துகள் எந்த இடத்தில் கூடு கட்டுகின்றன என்று நிஷாந்த் குமார் குழுவினர் ஆராய்ந்து 2018-ம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். கூடு வைக்க மரம் வேண்டும் என்பது சரி. அதோடு, தெருவில் குப்பை சேரும் பேட்டைகளையும், இப்படி இறைச்சி வீசும் பேட்டைகளையும் ஒட்டியே அவை இடம் பிடிக்கின்றன என்று தெரிய வந்தது. எந்தத் தெருவில் சோறு கிடைக்கும், எந்த ஜனங்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பருந்து நம்மைப் படித்து வைத்திருக்கிறது!

கம்பியும் பிளாஸ்டிக்கும்

கூடு கட்டுவதிலும் பருந்து பட்டணத்து வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. குச்சிகளோடு கம்பி, கயிறு, கந்தல் துணி, பிளாஸ்டிக் உறை என்று அகப்பட்டதையெல்லாம் சேர்த்துக் கட்டுகிறது. மரம் கிடைக்காத இடத்தில் மின்சாரக் கோபுரமும் விளக்குக் கம்பமும் மரமாகின்றன.

இந்தப் பிளாஸ்டிக் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பெயின் தேசத்தில் டோன்யானா என்ற சரணாலயத்திலும் இதே இனப் பருந்துகள் வாழ்கின்றன. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் 2011-ம் ஆண்டு ஓர் உண்மையைக் கண்டு வெளியிட்டார்கள். முட்டையிடுவதற்கு முன்னால் பருந்துகள் வெள்ளைப் பிளாஸ்டிக்கைத் தேடி எடுத்து வந்து கூட்டை அலங்கரிக்கின்றன. அதிலும் பலமுள்ள ஜோடிகள் நிறைய வைக்கின்றன. பலமில்லாத ஜோடிகள் கொஞ்சமாக வைக்கின்றன, அல்லது வைப்பதே இல்லை. "இந்த வீட்டுக்காரன் பலசாலி, வம்புக்கு வராதே!" என்று அண்டை அயலாருக்குத் தெரிவிக்கும் பெயர்ப் பலகை அது. நாம் வீசி எறிந்த உறை, பருந்துக்கு அந்தஸ்தின் சின்னம்!

தாயின் கோபம்

கூட்டில் சாதாரணமாக இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இருக்கும். குஞ்சு பொரிந்துவிட்டால் தாய்க்கும் தந்தைக்கும் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிடும். மரத்தருகே போகிறவர்களின் தலையை நோக்கிச் சரேலென்று பாயும். நகத்தால் கீறிக் காயப்படுத்துவதும் உண்டு. டில்லியில் சில தெருக்களில் அந்தப் பருவத்தில் ஜனங்கள் தலையைக் காத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

எல்லாப் பருந்துகளும் இப்படிச் செய்வதில்லை. சில அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். சில மட்டும் பாயும். ஏன் இந்த வித்தியாசம்? இதையும் 2018-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி விளக்கியது. மனிதர்கள் போடும் இறைச்சியும் குப்பையும் அருகே நிறையக் கிடைக்கும் இடத்தில் வாழும் பருந்துகளே மிகத் துணிச்சலாகப் பாய்கின்றனவாம்! மனிதர்களோடு நெருங்கி நெருங்கிப் பழகிப் பயம் தெளிந்துவிட்டது. இழக்கக் கூடாத நல்ல இடம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. சோறு போடுகிறவனிடமே சண்டைக்கு வரும் விந்தை இது.

இமயத்தைத் தாண்டி வரும் விருந்தாளிகள்

டில்லிப் பருந்துகளின் கூட்டம் குளிர்காலத்தில் இன்னும் பெருகிவிடும். வடக்கிலிருந்து விருந்தாளிகள் வந்து சேருகிறார்கள். இவை சற்றுப் பெரிய உடலும், கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் திட்டும் கொண்ட பருந்துகள்.

இவை எங்கிருந்து வருகின்றன? சில பருந்துகளின் முதுகில் சிறிய கருவிகளைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். செயற்கைக் கிரகங்களின் உதவியால் அவை போகும் வழி தெரிந்தது. 2020-ம் ஆண்டு வெளியான முடிவுகள் திகைக்க வைப்பவை. கஜகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா, சீனாவின் சின்சியாங் ஆகிய தூர தேசங்களே அவற்றின் சொந்த ஊர். அங்கிருந்து 3,000 கிலோ மீட்டருக்கும் அதிக தூரத்தைக் கடந்து, 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இமய மலைத் தொடரைத் தாண்டி டில்லிக்கு வருகின்றன!

பனி மூடிய சிகரங்களுக்கு மேலே உயிரைப் பணயம் வைத்துப் பறந்து வருவது எதற்காக? டில்லிக் குப்பைமேட்டில் கிடைக்கும் சாப்பாட்டுக்காகத்தான்! ஒரு நகரம் தன் குப்பையை என்ன செய்கிறது என்பதை மங்கோலியாவில் பிறந்த பறவையின் வாழ்வும் நம்பியிருக்கிறது.

400 ஜோடிக் கழுகுகள் எங்கே?

கலூஷின் கண்ட 400 ஜோடிப் பிணந்தின்னிக் கழுகுகளின் கதைக்கு இப்போது வருவோம். அவையும் டில்லியின் பெரிய மரங்களில் கூடு கட்டிக் குடும்பம் நடத்தியவைதாம். அவையும் மனிதர்களை நம்பித்தான் வாழ்ந்தன. செத்த மாட்டை ஊருக்கு வெளியே கொண்டு போய்ப் போடுவது நம் நாட்டு வழக்கம். ஒரு மாட்டைச் சில மணி நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிடும் கழுகுக் கூட்டம்.

1990-களில் அவை திடீரென்று மாயமாக மறையத் தொடங்கின. காரணம் தெரியாமல் எல்லோரும் விழித்தார்கள். 2004-ம் ஆண்டுதான் மர்மம் துலங்கியது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்ற மருந்தே எமன்! மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் மாடு இறந்துபோனால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, கழுகும் மடிந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்துக்கு 999 அழிந்துவிட்டன!

கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தயாரிப்பதற்கு 2006-ம் ஆண்டு இந்திய சர்க்கார் தடை விதித்தது. இதே தீமையைச் செய்யும் வேறு இரு மருந்துகளுக்கு 2023-ம் ஆண்டு தடை வந்தது. ஆனால், டில்லி மரங்களை விட்டுப் போன கழுகுகள் போனவைதாம். தமிழ்நாட்டில் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு போன்ற காடுகளில்தான் இன்று அந்த இனத்தைப் பார்க்கலாம்.

ஒரே ஊர், ஒரே மனிதர்கள். பருந்து நிலைத்தது, கழுகு அழிந்தது. கழுகுக்குக் கால்நடைகளின் பிணம் ஒன்றே ஆகாரம். அந்த ஒன்றில் விஷம் கலந்தபோது அதற்குப் போக்கிடம் இல்லை. பருந்துக்கோ ஆயிரம் வாசல்கள்! ஆனாலும், கழுகை யாரும் வேண்டுமென்று கொல்லவில்லை என்பதை மறக்கக் கூடாது. மாட்டின் நோய் தீர வேண்டும் என்று நினைத்த கைதான், தெரியாமல் கழுகுக்கு விஷம் வைத்தது.

வானத்தில் ஒரு கத்தி

பருந்துக்கும் இப்படி ஓர் எமன் உண்டு. அது மாஞ்சா நூல்.

ஆகஸ்டு 15-ந் தேதி சுதந்திர தினத்தன்று டில்லியில் காற்றாடி விடுவது பெரிய கோலாகலம். அடுத்தவன் காற்றாடியை அறுப்பதற்காகக் கண்ணாடித் தூள் பூசிய நூலைப் பயன்படுத்துகிறார்கள். பருந்தின் கண்ணுக்கு இந்த மெல்லிய நூல் எளிதில் தெரிவதில்லை. பறக்கிற வேகத்தில் மோதினால் இறக்கையின் தோலும் தசையும், சில சமயம் எலும்பும் அறுபடும். நூல் மரத்தில் சிக்கிக்கொண்டால், பறவை தலைகீழாகத் தொங்கி உயிர் விட வேண்டியதுதான். சென்னையில் இந்த நூல் மனிதர்களின் கழுத்தையே அறுத்த பரிதாபங்கள் நமக்குத் தெரியும்.

2017-ம் ஆண்டு ஜனவரியில் டில்லி சர்க்கார் இத்தகைய நூலுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதற்கும் தடை போட்டது. ஆனாலும் கள்ளத்தனமான விற்பனை நின்றபாடில்லை.

நூலில் அறுபட்டு விழும் பருந்துகளைக் காப்பாற்ற டில்லியில் இரண்டு சகோதரர்கள் தங்கள் வாழ்நாளையே ஒப்படைத்திருக்கிறார்கள். நதீம் ஷெஹ்ஜாத், முகமது சவுத் என்பது அவர்கள் பெயர். அடிபட்ட ஒரு பருந்தை அவர்கள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றபோது, மாமிசம் தின்னும் பறவைக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அடிபட்ட பருந்துகளுக்குச் சகோதரர்களே வைத்தியம் செய்யத் தொடங்கினார்கள். சோப்புத் திரவம் வைக்கும் சாதனங்களைச் செய்து விற்பது அவர்கள் தொழில். அந்தத் தொழில் நடந்த வீட்டின் நிலவறையே பருந்து வைத்தியசாலையாகவும் ஆயிற்று. ஆயிரக்கணக்கான பருந்துகள் அவர்கள் கையில் உயிர் பிழைத்திருக்கின்றன.

அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த "ஆல் தட் பிரீத்ஸ்" என்ற செய்திப் படம், 2022-ம் ஆண்டு அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவிலும் பிரான்சின் கேன்ஸ் விழாவிலும் பரிசு பெற்றது. 2023-ம் ஆண்டு ஆஸ்கார் பரிசுப் போட்டியின் இறுதிப் பட்டியலிலும் இடம் பெற்றது. உலகமே பார்த்துக் கண் கலங்கிய அந்தப் படத்தின் கதாநாயகன், நாம் அன்றாடம் தலைக்கு மேலே பார்த்தும் பார்க்காமல் போகிற சாதாரணப் பருந்து!

மாடியே மலை

பருந்து குப்பையை நம்பி ஊருக்குள் வந்தது. குப்பையைத் தொடாத வேட்டைப் பறவை ஒன்றும் நகரத்தைத் தேடி வந்திருக்கிறது. அதன் பெயர் பைரி. உலகிலேயே வேகமான பறவை அதுதான். இரையின் மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோ மீட்டருக்கும் அதிக வேகம்! பறந்துகொண்டிருக்கும் புறாவை அந்தரத்தில் அடித்து வீழ்த்துவது அதன் பாணி.

பைரியின் இயற்கையான வாசஸ்தலம் செங்குத்தான மலைப்பாறை. பாறை இடுக்கில் வெறும் மண்ணில் முட்டையிடும். அதன் கண்ணுக்கு வானளாவும் கட்டிடமும் ஒரு மலைப்பாறைதான்! கனடாவின் மான்ட்ரியல் நகரில் சன் லைப் இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கட்டிடத்தில் 1936-ம் ஆண்டு ஒரு பைரி குடியேறியது. வெறும் கல் விளிம்பில் இட்ட முட்டைகள் பிழைக்கவில்லை. பறவைப் பிரியர்கள் ஒரு பெட்டியில் சரளை மண் நிரப்பி அங்கே வைத்தார்கள். பிறகு 1952 வரை இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அந்த மாடியிலிருந்து பறந்து போயின. ஒரு பெட்டி மண் செய்த உபகாரம் அது!

ஆனால் அதே காலத்தில் வயல்களில் டி.டி.டி. என்ற பூச்சி மருந்து தெளிக்கப்பட்டு வந்தது. பூச்சியைத் தின்ற சிறு பறவைகளின் உடம்பில் சேர்ந்த விஷம், அவற்றைத் தின்ற பைரியின் உடம்பில் பல மடங்காகக் குவிந்தது. முட்டை ஓடு காகிதம் போல மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது! 1960-களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் பைரி ஒன்றுகூட இல்லை.

1972-ம் ஆண்டு அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. டாம் கேட் என்ற பேராசிரியர் 1970-ம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்துப் பைரிகளைக் கூண்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார். அந்தச் சங்கம் 4,000-க்கும் மேற்பட்ட பைரிகளை வெளியே பறக்கவிட்டது. 1983-ம் ஆண்டு நியூயார்க் நகரின் இரண்டு பெரிய பாலங்களில் பைரிகள் கூடு வைத்தன. 1999-ம் ஆண்டு, அழியும் ஆபத்தில் உள்ள ஜீவராசிகளின் அமெரிக்கப் பட்டியலிலிருந்து பைரியின் பெயர் நீக்கப்பட்டது.

இன்று நியூயார்க்கிலும் இங்கிலாந்து நகரங்களிலும் பைரிகள் இரவு வேட்டையும் பழகிவிட்டன. பகலில் மட்டுமே வேட்டையாட வேண்டிய பறவை, கட்டிட விளக்குகளின் வெளிச்சத்தில், இரவில் ஊர் விட்டு ஊர் போகும் பறவைகளைப் பிடிக்கிறது.

கொரோனா காலத்தில் லண்டன் பைரிகளிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. ஊரடங்கினால் தெருக்கள் காலியாகிவிட்டன. ஜனங்கள் போடும் தீனி இல்லாமல் புறாக்கள் கலைந்து போயின. பைரிகள் பிடித்து வந்த இரையில் புறாவின் பங்கு சுமார் 15 சதவிகிதம் குறைந்தது என்று 2023-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. புறாவுக்குப் பதிலாக மைனா இனப் பறவைகளும் கிளிகளும் இரையாயின. ரொட்டித் துண்டு போடும் மனிதன் வீட்டுக்குள் அடைந்தால், வானத்து வேட்டைக்காரனின் சாப்பாடும் மாறுகிறது!

லண்டன் கற்றுத் தரும் பாடம்

அதே லண்டனில் ஒரு காலத்தில் பருந்துகளும் இருந்தன என்றால் பலர் நம்ப மாட்டார்கள். டில்லிப் பருந்தின் நெருங்கிய உறவான சிவந்த நிறப் பருந்து அது. சுமார் 1500-ம் ஆண்டில் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்த வெனிஸ் நகரத்தார் ஒருவர், குழந்தைகள் கையில் வைத்திருக்கும் வெண்ணெய் தடவிய ரொட்டியையே பருந்துகள் பறித்துக்கொண்டு போவதாக எழுதி வைத்திருக்கிறார். தெருவைச் சுத்தம் செய்வதால் அவற்றைக் கொல்வது குற்றமாகக் கருதப்பட்டதாம். இன்றைய டில்லியை நேரில் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது!

பிறகு லண்டன் மாறியது. தெருக்கள் சுத்தமாயின. 18-ம் நூற்றாண்டின் இறுதிக்குள் லண்டனில் பருந்துக் கூடு இல்லை. கிராமப்புறத்திலோ, கோழியையும் வேட்டைப் பறவைகளையும் திருடும் எதிரி என்று சுட்டும் விஷம் வைத்தும் கொன்றார்கள். 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து முழுவதிலும் அந்த இனம் அழிந்தது; வேல்ஸ் மலைகளில் மட்டும் சில தப்பின. 1989-ம் ஆண்டு முதல் வெளிநாட்டிலிருந்து குஞ்சுகளைக் கொண்டு வந்து விட்ட பிறகே மீண்டும் பெருகின. இப்போது ரெடிங் போன்ற நகரங்களில் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சித் துண்டுகளை வைத்துப் பருந்துக்காகக் காத்திருக்கிறார்கள், அன்று சுட்டவர்களின் பேரப் பிள்ளைகள்!

டில்லியும் மாறத்தான் போகிறது. காஜிபூர் குப்பை மலையைக் கரைக்கும் வேலை நடந்து வருகிறது. தெருவில் குப்பை தேங்கக் கூடாது. கசாப்புக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டக் கூடாது. இது நியாயமான ஆசை. பருந்துக்காக மனிதர்கள் நாற்றத்தில் வாழ வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்போது பருந்து என்ன செய்யும்? எண்ணிக்கை குறையலாம். எலியையும் புறாவையும் அதிகமாகப் பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டியவை அதிகமில்லை. கூடு வைக்க உயர்ந்த மரங்கள் வேண்டும். வானத்தில் கண்ணாடி நூல் இல்லாதிருக்க வேண்டும். இரையில் விஷம் கலக்காமல் இருக்க வேண்டும். மான்ட்ரியலில் ஒரு பெட்டி மண் வைத்தவர்கள் செய்ததைவிட இது பெரிய காரியம் அல்ல.

கூரிய நகமும் கண்ணும் இருந்தும், நகரத்தில் வேட்டைப் பறவையின் வாழ்வு அதன் நகத்தில் இல்லை. மனிதனின் பழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கம் தெரியாமல் மாறியபோது கழுகு அழிந்தது. தெரிந்து மாறியபோது பைரி திரும்பி வந்தது. பருந்தின் விஷயத்தில் நாம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. எல்லாம் தெரிந்த பிறகுதான் டில்லி தன் குப்பையை வாரத் தொடங்கியிருக்கிறது.